எட்டும் உயரத்தில் தண்ணீர்

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில், எங்கள் வீட்டு முன்கூடத்தில் வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் காலை எட்டரை மணிக்குள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் திரும்பி வர இரவு எட்டு மணி தாண்டிவிடும். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். என்ன சோறு, என்ன குழம்பு, பருப்பில் நெய் விட்டீர்களா என்று தாய்மார்கள் விசாரிப்பார்கள். பிள்ளை என்ன குடித்தது, எவ்வளவு குடித்தது என்று முதல் இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் அதைத் தனியாக யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது ஒரு பங்குனி மாதத்துப் பகல். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று காலையிலிருந்தே காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, வயிற்றுவலி இல்லை, சோறும் பாதி உண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குக் கழிவறைக்கு அழைத்துப் போனபோதுதான், காலையில் வந்ததிலிருந்து அவள் சிறுநீரே கழிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்போது வந்த கொஞ்சமும் கடும் மஞ்சளாக இருந்தது. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்துவிட்டு, "இன்னும்" என்று நீட்டினாள். அரை மணி நேரத்தில் ஓடி விளையாடத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வடிகட்டி சமையலறை மேடையின் மேல் இருந்தது, என் மார்பு உயரத்தில். கேட்ட குழந்தைக்குக் கொடுத்தேன் என்பது உண்மைதான். ஆனால் பேச்சு வராத குழந்தை எப்படிக் கேட்கும், பேச வரும் குழந்தையும் நான் இன்னொரு குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது எத்தனை முறை கேட்கும், விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் குழந்தைக்குத் தாகம் என்பதே எப்போது தெரியும் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பிழை என்னுடையது.

அன்று மாலையே குழாய் வைத்த பத்து லிட்டர் எவர்சில்வர் டிரம் ஒன்றை வாங்கி, ஓர் அடி உயர முக்காலியில் முன்கூடத்துச் சுவர் ஓரமாக வைத்தேன். கீழே ஒரு அகலத் தட்டு, பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு டம்ளர். டம்ளர்களில் பெயருக்குப் பதிலாக நிறநூல் கட்டியிருக்கிறேன். கம்பெனியில் மீந்த ஓவர்லாக் நூலைத் தாய்மார்களே கொண்டு வந்து தருகிறார்கள். முதல் பதினைந்து நாள்கள் கூடம் முழுக்க ஈரம். குழாயைத் திறப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது. துடைத்துக்கொண்டே பொறுத்திருந்தேன். அதன் பிறகு மூத்த பிள்ளைகள் தாமாகவே இளையவர்களுக்குப் பிடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். எடுத்துக் குடிக்கும்படி தண்ணீர் இருந்தாலும் சில குழந்தைகள் மறந்துவிடும் என்பதால், வந்தவுடன், வெளியில் விளையாடிவிட்டு வந்த பின், மதியச் சோற்றின்போது, தூங்கி எழுந்தவுடன் என்று நான்கு வேளை நானே கையில் கொடுத்து விடுவேன்.

தண்ணீர் எது என்பதும் எங்கள் ஊரில் ஒரு கேள்விதான். ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அது துணி துவைக்கவும் வீடு கழுவவும் மட்டுமே. குடிக்க, சில நாள்களுக்கு ஒருமுறை குழாயில் விடும் நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். அதையும் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டு, மேலும் ஒரு நிமிடமாவது கொதித்த பிறகே இறக்கி, மூடி ஆறவைத்து டிரம்மில் ஊற்றுகிறேன். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆகவே உப்புத் தண்ணீரைக் காய்ச்சிப் பயனில்லை. கேன் தண்ணீர் வாங்கும் நாள்களில் மூடியின் முத்திரையையும் தேதியையும் பார்த்தே வாங்குகிறேன். டிரம்மைத் தினமும் இரவில் காலி செய்து தேய்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். குழாயின் உட்புறத்தில் பாசி பிடிப்பது வெளியில் தெரியாது. வாரம் ஒருமுறை அதைக் கழற்றிச் சிறு பிரஷ்ஷால் தேய்க்கிறேன்.

இதற்குப் பிறகு ஓர் ஆண்டு கழித்து, கலிஃபோர்னியாவில் இதே வேலையைத் தன் வீட்டில் உரிமம் பெற்றுச் செய்யும் என் சித்தி மகள் ஊருக்கு வந்திருந்தாள். டிரம்மைப் பார்த்தவுடன், "அக்கா, இதுக்கு எங்கூர்ல சட்டமே இருக்குதுங்க்கா" என்றாள். எனக்கு வியப்பாக இருந்தது. 2010-இல் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் 2084 என்ற எண்ணுள்ள மசோதாவாக நிறைவேறி, 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகங்கள், வீட்டில் நடப்பவை உட்பட, அனைத்துக்கும் பொருந்தும். அதில் உள்ளவை நான்கே விதிகள்: இரண்டு வயது நிறைந்த குழந்தைகளுக்குப் பால் கொடுத்தால் கொழுப்பு நீக்கிய பாலோ ஒரு விழுக்காடு கொழுப்புள்ள பாலோதான் கொடுக்க வேண்டும், பழச்சாறு என்றால் முழுக்கப் பழச்சாறாக, நாளொன்றுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது, இயற்கையானதோ செயற்கையானதோ, இனிப்பு சேர்த்த எந்தப் பானமும் கூடாது, சுத்தமான குடிநீர் நாள் முழுவதும் குழந்தைகளுக்கு எளிதாகக் கிடைக்கும்படி இருக்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு. கைக்குழந்தைக்கான பால்பவுடர் இனிப்புப் பானக் கணக்கில் வராது. பெற்றோர் தம் பிள்ளைக்கென்று கொடுத்தனுப்பும் பானத்தையும் அந்தச் சட்டம் தொடுவதில்லை.

கடைசியாகச் சொன்ன விலக்கைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். என் தொல்லை முழுவதும் பையில் வருவதில்தான் இருக்கிறது.

நம் ஊரில் என்னைப் போன்றோருக்கு இப்படி ஒரு விதியைச் சொல்லி யாரும் வந்ததில்லை. ஆகவே அந்த நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, எதை ஏற்பது, எதை விடுவது என்று எங்கள் பகுதியில் உள்ள குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். தண்ணீர், பழச்சாறு, இனிப்பு ஆகிய மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். பால் விதியை மட்டும், எடை குறைந்த பிள்ளைகள் நிறைய உள்ள இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம் என்றார். அமெரிக்கர்கள் அதை எழுதியது குழந்தைகளின் உடல் பருமனை மனத்தில் வைத்து. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விலா எலும்பை எண்ணலாம். நான் மூன்று விழுக்காடு கொழுப்புள்ள நீல நிறப் பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொடுக்கிறேன். எந்தப் பால் என்பதைவிட எவ்வளவு பால் என்பதே பெரிய விஷயம் என்பதை அதற்கு அடுத்த ஆண்டு ஒரு சிறுவனால் கற்றேன்.

ஒரு வயது ஏழு மாதம் ஆன பையன் அவன். கொழுகொழுவென்று இருப்பான், வெளுத்த நிறம். பார்ப்பவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான். பால் புட்டியைக் கண்டால் கை இரண்டையும் நீட்டுவான். "சாப்புடாட்டியும் பாலாச்சுங் குடிக்கிறானேங்க்கா" என்பது அவன் தாயின் ஆறுதல். ஒரு நாள் கணக்கிட்டுப் பார்த்தேன்: என்னிடம் மூன்று புட்டி, வீட்டில் காலையும் இரவும் இரண்டு. ஒரு புட்டி 240 மில்லி. ஆக 1200 மில்லி. விளையாடாமல் பாயிலேயே உட்கார்ந்திருப்பதும், சுவரில் இருக்கும் சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் உள்ளங்கையை என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் காகிதம் போல இருந்தது. மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். ஹீமோகுளோபின் 11-ஐ ஒட்டி இருக்க வேண்டிய வயதில் அவனுக்கு 8-க்கும் கீழே இருந்தது.

ஹீமோகுளோபினுக்கு வேண்டிய இரும்புச்சத்து பாலில் மிகக் குறைவு. பால் வயிற்றை நிரப்பிப் பருப்பு, கீரை, முட்டை ஆகியவற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. அதில் உள்ள கால்சியம் மற்ற உணவில் வரும் இரும்பையும் உடம்பில் ஏற விடாமல் தடுக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பல் மருத்துவர் அமைப்புகள் உட்பட நான்கு அமைப்புகள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட பரிந்துரையில், ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 480 முதல் 720 மில்லி, இரண்டு மூன்று வயதில் 480 மில்லிக்குள், நான்கு ஐந்து வயதில் 600 மில்லிக்குள் பால் போதும் என்று இருக்கிறது. அது ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு. வீட்டில் கொடுப்பதும் அதில் அடங்கும். ஆகவே எந்தப் பிள்ளை வீட்டில் எத்தனை முறை பால் குடிக்கிறது என்று சேர்க்கும் நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்கிறேன். என்னிடம் ஒரே ஒரு டம்ளர், மாலை நான்கு மணிக்கு. அந்தப் பையனுக்கு இரும்புச்சத்து மருந்தும், புட்டியை நிறுத்துவதும் சேர்ந்தே நடந்தன. புட்டியை நிறுத்திய முதல் ஐந்து நாள்கள் அவன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அமுச்சி வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். ஆறாம் நாள் பருப்புச் சோற்றுக்கு வாயைத் திறந்தான்.

புட்டியைப் பற்றி இன்னொன்று. சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் குடித்துக்கொண்டே தூங்கும் பிள்ளைகளுக்கு மேல்வரிசை முன்பற்கள் பழுப்பாகி மட்கிப் போகின்றன. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுவதால் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடுகிறது. எங்கள் தெருவில் மட்டும் அப்படி நான்கு பிள்ளைகளை எண்ணியிருக்கிறேன். பால்பல் விழுந்து முளைக்கத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள்; வலி பால்பல்லுக்கும் உண்டு.

இனி இனிப்புக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கும் என் மாமியாருக்கும் வழக்கு. அவர் பிறந்த ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். நாட்டுச்சர்க்கரை அங்கே தொழில், உணவு, பெருமை எல்லாம். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், நாட்டுச்சர்க்கரை எலும்புக்கு உரம் என்பார். பாலுக்கு இரண்டு கரண்டி தாராளமாகப் போடுவார். நாட்டுச்சர்க்கரையில் வெள்ளைச் சர்க்கரையைவிடத் தாதுக்கள் சற்றுக் கூடுதல் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரையேதான், பல்லும் கணையமும் ஊர்ப்பெயர் பார்ப்பதில்லை. "இயற்கையானதோ செயற்கையானதோ" என்று அந்தச் சட்டத்தில் எழுதியவர்கள் எங்கள் அத்தையைப் பார்த்தே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும். கடைசியில் ஒரு சமாதானம் செய்துகொண்டோம்: பானத்தில் போடுவதில்லை; வாரம் ஒருநாள் கச்சாயமோ ஒப்பிட்டு எனும் போளியோ அவர் கையால் செய்து கொடுப்பார். மெல்லுகிற பண்டத்தில் அளவு தெரியும். குடிக்கிற இனிப்பு அளவு தெரியாமல் உள்ளே போய்விடுகிறது.

பாலில் கலக்கும் பொடிகள் அடுத்த வழக்கு. ஒரு தாய் தன் நான்கு வயது மகனுக்கென்று பெரிய டப்பா ஒன்றைக் கொடுத்து, உயரமாக வளரும், மூளைக்கு நல்லது, இரண்டு வேளை கலக்கிக் கொடுங்கள் என்றார். அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, டப்பாவின் பின்பக்கத்தைச் சேர்ந்து படித்தோம்: 100 கிராம் பொடியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. இரண்டு வேளைக்கு நாற்பது கிராம் பொடி என்றால் பன்னிரண்டு கிராம் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி நான்கு கிராம் என்று கணக்கு வைத்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை ஒரு தட்டில் குவித்துக் காட்டினேன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளின் மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, முடிந்தால் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே சர்க்கரை இருக்கட்டும் என்கிறது. 1200 கலோரி உண்ணும் பிள்ளைக்கு இரண்டாவது அளவு வெறும் 15 கிராம். அந்தத் தாய் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். துணியில் ஊசித் துளையைக்கூட விடமாட்டார். "இத்தன நாளா இந்தப் பக்கந் திருப்பியே பாக்கலியேங்க்கா" என்றார். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பொடிகளை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாதென்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியபோது, அவர்தான் செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வந்து சொன்னார். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பதே காரணம்.

அட்டைப்பெட்டியில் வரும் மாம்பழப் பானம் திங்கட்கிழமைகளில்தான் அதிகம் வரும். சனிக்கிழமை சம்பளம், அன்று மாலை தகப்பன்மார் பிள்ளைக்கு ஏதாவது வாங்காமல் வீட்டுக்குப் போவதில்லை. அந்த அன்பை நான் குறை சொல்ல முடியாது. ஆகவே பெட்டியைத் திறக்காமல் வாங்கி அலமாரியின் மேல் வைத்து, மாலையில் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒருமுறை ஒரு தகப்பனார் கோபித்துக்கொண்டு, என் வாசலிலேயே அதைக் குத்தி உறிஞ்சினார். இரண்டு மடக்கு குடித்தவர், நின்று, "இவ்வளவு தித்திப்பாங்க இருக்குது" என்று கேட்டார். அதுவரை அவர் அதைச் சுவைத்ததே இல்லை. பிள்ளைக்கென்று வாங்குவதைத் தாம் குடிக்கலாமா என்று விட்டிருக்கிறார். வீட்டில் பிழிந்த சாறாக இருந்தாலும் ஒரு வயதுக்குள் வேண்டாம், மூன்று வயது வரை 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு. நான் சாறே பிழிவதில்லை. சாத்துக்குடியை உரித்து, விதை எடுத்துச் சுளையாகக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

தேநீரைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. முதல் ஓர் ஆண்டு, மாலையில் நான் தேநீர் குடிக்கும்போது பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரை டம்ளர், தொட்டுக்கொள்ள வர்க்கி கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் அப்பாரு குடிக்கும் தேநீரில் பேரனுக்குப் பங்கு உண்டு. அதனால் யாரும் தவறாக நினைக்கவில்லை. தேயிலையின் துவர்ப்புச் சத்து, தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. பெரியவர்களே உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர் குடிக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. தேநீரை நிறுத்தியபோது பிள்ளைகள் கேட்டது வர்க்கியை மட்டுமே.

கொடுக்கத் தகுந்தவை நம்மிடம் ஏராளம். வெயில் காலத்தில் முற்பகல் பதினொரு மணிக்கு நீர்மோர்: கடைந்து வெண்ணெய் எடுத்த தயிர், மூன்று பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர், நசுக்கிய கறிவேப்பிலை, உப்பு பெயருக்கு. கம்மங்கூழை நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் பாதி உணவாகவே ஆகிவிடும். பொள்ளாச்சி இளநீர் வாரம் ஒருமுறை, வெட்டியவுடன். ஒரு எச்சரிக்கை: பக்கத்திலேயே பாத்திரத் தொழில் நடக்கும் அனுப்பர்பாளையம் இருப்பதால் எங்கள் வீடுகளில் பித்தளைக்கும் செம்புக்கும் குறைவில்லை, மோர், எலுமிச்சை போன்ற புளிப்பு எதையும் வெள்ளீயம் பூசாத பித்தளையிலோ செம்பிலோ வைக்கக் கூடாது. களிம்பேறிப் பிள்ளைகளுக்கு வாந்தி எடுத்துவிடும்.

வயிற்றுப்போக்கு வரும் பிள்ளையை நான் அன்று வைத்துக்கொள்வதில்லை. ஆனால் தாய் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் உடம்பு வற்றிவிடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலம் இரண்டு எப்போதும் இருக்கும். 20.5 கிராம் கொண்ட ஒரு முழுப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். கால் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண் அளவில் பிரித்தால் உப்பு கூடிப்போகும் ஆபத்து உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறை வயிறு போன பின்னும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. மருந்துக்கடையில் அதே எழுத்துகளைப் பெயரில் தாங்கி நின்ற இனிப்புப் பானங்களை நானே ஒருமுறை ஏமாந்து வாங்கியிருக்கிறேன். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தையை நான் சேர்ப்பதில்லை என்றாலும், ஒருமுறை எட்டு மாதக் குழந்தை ஒன்றை மறுக்க முடியவில்லை. ஆறு மாதம் வரை தண்ணீர்கூட வேண்டாம், ஓராண்டு வரை தேனும் பசும்பாலும் குடிக்க வேண்டாம் என்பது தெரியும். அதன் தாய் காலையில் பீய்ச்சி வைத்த தாய்ப்பாலை மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் கொண்டு வருவார். சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும்; சித்திரை வெயிலில் அதையும் நம்பாமல், வந்தவுடன் குளிர்பெட்டியின் உட்புறத்தில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் சுடுதண்ணீரில் கிண்ணத்தை நிறுத்திக் கதகதப்பாக்கி, பாலாடைச் சங்கில் புகட்டினேன். குடித்து மீந்ததை மறுபடி வைக்கக் கூடாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்து, தாயை நாளுக்கு நான்கு முறை குழந்தையிடம் போக விட வேண்டும் என்று 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. அதை நான் சொன்னபோது அந்தப் பெண், "கேட்டா நாளைக்கு வர வேண்டாம்பாங்க" என்றார்.

இப்போது மாலையில் ஒவ்வொரு தாய்க்கும் இரண்டு வரி சொல்லி அனுப்புகிறேன்: எத்தனை டம்ளர் தண்ணீர், சிறுநீர் எந்த நிறம். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த, ஒன்றேகால் வயதுச் சிறுமிக்கு இன்னும் குழாயை மூடத் தெரியவில்லை. இதை எழுதும் பகலில் மட்டும் மூன்று முறை கூடத்தைத் துடைத்துவிட்டேன். நான்காம் முறை ஐந்து வயதுக்காரன் ஒருவன் அவள் கையைப் பிடித்துக் குழாயைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான்.